முகம் பார்க்காதவள்

வெள்ளவத்தைத் தமிழ்ச் சபையில் பூமணி ரீச்சர் பாதி ஆராதனையில் எழும்பிப் போவது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். போதகர் மன்றாட்டு ஜெபத்தைத் தொடங்குவார். நாட்டுக்காக, நோயாளிகளுக்காக, பிரயாணம் போகிறவர்களுக்காக என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இடதுபக்கக் கடைசி வாங்குப் பலகையின் மூலையில் ஒரு பாட்டுப் புத்தகம் மட்டும் கிடக்கும். பின்கதவு சத்தம் போடாது. அதன் கீலுக்கு வார்டன் கிளறன்ஸ்தான் எண்ணெய் விடுகிறவர் என்று சபையில் ஒரு பகிடி உண்டு. பகிடி இல்லை, அவர் உண்மையாகவே விட்டார்.

ஜெபத்துக்குப் பிறகு சமாதானம். அந்தச் சபையில் அதற்கு ஒரு முறை இருந்தது. போதகர் திருவிருந்து மேசையடியிலிருந்து இறங்கி வந்து வார்டனின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, சமாதானம் உம்மோடிருப்பதாக என்பார். வார்டன் அதை முன்வாங்கில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் பக்கத்தில் இருப்பவருக்கு. பந்தியில் சோற்றுச் சட்டி நகர்வதுபோல அது கைமாறிக் கைமாறி வாங்கு வாங்காகப் பின்னுக்குப் போகும். ஒருவரிடம் வாங்காமல் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நடுவில் ஒருவர் கையை மடக்கிக்கொண்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

பூமணிக்கு அப்படிக் கையை மடக்குகிற ஆளாக நிற்க விருப்பமில்லை. அதனால் முன்னமே போய்விடுவாள். வலதுபக்கம் மூன்றாம் வாங்கில் அவளுடைய தங்கச்சி நேசமலர் இருந்தாள். ஒரே பாயில் படுத்து, ஒரே குடைக்குள் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர்கள். ஒன்பது வருஷமாக ஒரு சொல் கதைத்ததில்லை.

சமாதானம் முடிந்த பிறகு திருவிருந்து. சனம் முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை இரசமும் வாங்கும். பூமணியின் அப்பா கோப்பாயில் உபதேசியாராக இருந்தவர். மனதில் பகையை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் முழங்காலிடுகிறவன் நஞ்சைத் தின்கிறான் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார். பூமணி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் எழும்பிப் போய் முதலில் பகையை முடித்துவிட்டு வா என்று அவர் கூடவே சொன்ன மற்றப் பாதியை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கவில்லை. ஒன்பது வருஷமாக அவள் அப்பத்தைத் தொடவில்லை. அதில் ஒரு பெருமை இருந்தது. பெருமைக்குக் கீழே பசி இருந்தது.

வெளியே வந்தாலும் உடனே வீட்டுக்குப் போகமாட்டாள். காலி வீதிப் பஸ் தரிப்பில் போய் நிற்பாள். அவள் பாமன்கடைக்கு நடந்து போகிறவள். அவளுக்குப் பஸ் தேவையில்லை. "அம்மே, நகின்ன! நகின்ன!" என்று கொண்டக்டர்கள் ஏறச் சொல்லிக் கத்துவார்கள். அவள் தலையாட்டிவிட்டு நிற்பாள். மதிலுக்கு மேலால் திருவிருந்துப் பாட்டு வரும். பஸ் இரைச்சலில் பாதி வரி அடிபட்டுப் போகும். போன வரியை அவள் வாய்க்குள் போட்டு நிரப்பிக்கொள்வாள். பாட்டு முடிந்த பிறகுதான் கால் நகரும்.

நடந்தது இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு அம்மாவின் கண்ணில் பூ விழுந்தது. ஒப்பரேசனுக்கென்று நேசமலர் அவவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கிழமையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. அதற்குள் சண்டை மூண்டு பாதை பூட்டிப்போயிற்று. அதுவரை அம்மாவைக் குளிக்கவார்த்து, தலை வாரி இழுத்து, மருந்து கொடுத்து வைத்திருந்தவள் பூமணி. அவள் கலியாணம் கட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா வெள்ளவத்தையிலும் அவள் கோப்பாயிலுமாக மூன்று வருஷம் போயிற்று. பிறகு, அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று ஆள்மூலம் சேதி வந்தது. வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, சேலையில் உப்புக் காய வவுனியாவுக்கு வந்து, ஒரு கடையில் நின்று போன் எடுத்தாள்.

"அக்கா, அம்மா விடியப்பறம் போயிட்டா."

"பெட்டியை மூடிப்போடாதை. நான் வந்திடுவன்."

"ஓம், வா."

அந்த ஓமை நம்பித்தான் அவள் கடைக்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். வவுனியாவில் ஆமிக்காரர் வடக்கிலிருந்து வந்த சனத்தை மறித்து வைத்திருந்தார்கள். அம்மா செத்துப்போச்சுது என்று தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். அங்கே நின்ற பாதிப் பேருக்கு ஆரோ ஒருவர் செத்துத்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது, சனிக்கிழமை பின்னேரமே பொரளைக் கனத்தையில் அடக்கம் முடிந்திருந்தது.

நேசமலரின் மகளுக்கு அந்தப் புதன்கிழமை கலியாணம். மூன்று ஞாயிறும் சபையில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை கனடாவிலிருந்து லீவில் வந்தவன். ஞாயிற்றுக்கிழமையில் சபை அடக்கம் செய்வதில்லை. திங்கள் என்றால் பிரேதப் பெட்டிக்கும் மணவறைக்கும் நடுவில் ஒரு பகல்தான் மிஞ்சும். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். நேசமலர் சனி பின்னேரம் வரை தெருவைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்கவில்லை.

எந்தக் கோயிலுக்குப் போகிற தமிழனாக இருந்தாலும் சரி, செத்தவரின் முகத்தைக் கடைசியாக ஒருக்கால் பார்க்காவிட்டால் அவனுக்கு அந்தச் சாவு முடிவதில்லை. பிடிக்காத சொந்தக்காரன் வந்து பார்ப்பதற்காகக்கூடப் பெட்டியை மூடாமல் வைத்திருப்பார்கள். பயணப் பையோடு வாசலில் வந்து நின்ற பூமணிக்கு வாடின பூமாலை மணம் மட்டும் கிடைத்தது. அம்மாவின் கட்டிலை மெத்தையில்லாமல் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் வலதுபக்கக் குமிழ் இல்லை. விறாந்தையில் செத்தவீட்டுக்கு எடுத்த வாடகைக் கதிரைகள் அடுக்கியபடி கிடந்தன. கலியாணத்துக்கும் அதையே வைத்திருப்பம், திருப்பி ஏத்தியிறக்கிற கூலி மிச்சம் என்று ஆரோ ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவள் பையைக் கீழே வைக்காமலே திரும்பி நடந்தாள். அந்த வீட்டு வாசலுக்குப் பிறகு போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பூமணி கொழும்பில் தங்கியிருந்த இடத்துக்கு நேசமலர் கிளறன்ஸிடம் செத்தவீட்டுப் படங்களைக் கொடுத்தனுப்பினாள். பூமணி உறையைத் திறக்கவில்லை.

"படத்திலை பாக்கிறதுக்கு அவ என்ன சினிமா நடிகையோ? கொண்டுபோம் கிளறன்ஸ்."

கொண்டுபோனார். அதற்குப் பிறகு கோப்பாய் வீடு செல் விழுந்து இடிந்துபோயிற்று. திரும்பிப் போக இடமில்லாமல் பூமணி பாமன்கடையில் ஓர் அறை எடுத்து, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சீவித்தாள். சபையில் தமிழ் ஆராதனை ஒன்றுதான். அதற்கு இருவருமே வரவேண்டியிருந்தது.

அறை ஹமீமாவின் வீட்டுப் பின்பக்கம். ஹமீமாவின் புருஷன் பௌஸி பழைய தளபாடம் வாங்கி விற்கிறவர். கடையில் இடம் போதாவிட்டால் வீட்டு நடையில் கொண்டுவந்து போடுவார். பாதை திறந்த வருஷம் அது, இரண்டாயிரத்து இரண்டு. ஒரு வியாழக்கிழமை பூமணி ரியூசன் முடித்துக்கொண்டு வர, நடை முழுக்க அலுமாரியும் மேசையும் கிடந்தன. ஒதுங்கிப் போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். சுவரோடு ஒரு கட்டில். தலைமாட்டில் வலதுபக்கக் குமிழ் இல்லை.

"டீச்சர், ஒங்கட தங்கச்சிட வீட்டுச் சாமானெல்லாம் இவர் ஏத்திக்கிட்டு வந்தீக்கிறார்," என்று குசினியிலிருந்து ஹமீமா கத்தினாள். "அவ மகள்ட கனடாவுக்குப் போறாவாமே. வார செவ்வாய்க்கெழம ஃப்ளைட். ஒங்களுக்குச் செல்லல்லியா?"

"எனக்கு ஆர் சொல்லுறது?"

"ஊருக்கே தெரியும், ஒங்களுக்கு மட்டும் தெரியாது." ஹமீமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இதென்ன கோவம் டீச்சர்? நாங்க பெருநாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் மாப்புக் கேப்போம், முடிஞ்சி. மாப்புக் கேக்காம வட்டிலப்பம் தொண்டையால எறங்காது. ஒங்களுக்குக் கெழமைக்கொரு பெருநாள். ஆனா தாத்தாவும் தங்கச்சியும் பேச்சில்ல." அக்காவை ஹமீமா தாத்தா என்றுதான் சொல்வாள்.

"உங்களுக்குச் சுகம், ஹமீமா. கேக்கிறதுக்கு ஆள் இருக்கு, குடுக்கிறீங்கள். என்னட்டை ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை."

"கேட்டாக் குடுப்பீங்களா?"

பூமணி கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹமீமாவும் விடவில்லை. "பாத்தீங்களா? கடையையும் சாத்தி வெச்சிட்டு யாவாரம் வருதில்லண்டா எப்பிடி?"

ஹமீமா உள்ளே போன பிறகும் பூமணி கட்டிலருகே நின்றாள். பலகையில் கையை வைத்துப் பார்த்தாள். அம்மா கடைசி மூன்று வருஷமும் படுத்த பலகை. மெலிந்துபோய்க் கிடந்தாவா? கண் தெரிந்ததா? சாகும்போது கண்ணை மூடினாவா, வேறு ஆரும் மூடிவிட்டார்களா? பலகைக்கு என்ன தெரியும். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த முகத்தை அவள் தானாகவே போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் சிரிக்கும், ஒரு நாள் வீங்கியிருக்கும், ஒரு நாள் முகமே வராது. சரியான முகம் எது என்று தெரிந்தவள் உலகத்தில் ஒருத்தி மட்டும்தான் மிச்சம். அவளோடு கதைப்பதில்லை. அவள் செவ்வாய்க்கிழமை போகிறாள்.

அந்த எண்ணம் வந்தபோது பூமணிக்கு முதலில் வந்தது கோபம்தான். இதிலும் அவள் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டாளாக்கும் என்று நினைத்தாள். பிறகு ஒன்பது வருஷத்தை நினைத்தாள். கோபம் காலுக்குக் கீழே மணல்போல இளகியது.

சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் கிளறன்ஸைக் கண்டாள். மனிதர் விளைமீனின் செவிளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேள்விப்பட்டிருப்பியள் அக்கா," என்றார், மீனைப் பார்த்தபடியே. "நாளைக்கு ஆராதனை முடிய நேசமலர் அக்காவுக்குப் பிரியாவிடை ஜெபம் இருக்கு. நீங்கள் வழமைபோலை முன்னமே போயிடுவியள்தானே?"

"ஏன், நிண்டால் என்ன?"

கிளறன்ஸ் மீனைக் கீழே போட்டார். "நிக்கிறதெண்டால் முன்கூட்டியே சொல்லிப்போடுங்கோ. நான் ஆக்களை மாத்தி இருத்தவேணும். இந்த ஒன்பது வருசமும் நான் பட்டபாடு உங்களுக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு நீங்கள் எங்கை, நத்தாருக்கு அவ எங்கை எண்டு பாத்துப் பாத்து, கோயிலுக்குள்ளை சமாதானத்தை ட்ரஃபிக் பொலிஸ்காரன் மாதிரித் திருப்பி விட்டுக்கொண்டு நிண்டனான்."

பூமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அவ என்னட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உமக்கு அந்த வேலையே இருந்திராது."

"அவ வரமாட்டா அக்கா. பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

"ஏன் வரமாட்டா? அவ்வளவு கெப்பரோ, தலைக்கனமோ?"

"பயம். உங்களைக் கண்டால் அவவுக்குப் பயம். கோயில் முற்றத்திலை நீங்கள் பாக்கிற பார்வையிலை எனக்கே நான் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாதிரி இருக்கும்." அவர் மீன்காரனிடம் சிங்களத்தில் விலை கேட்டு, பேரம் பேசி, பையை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ செய்தது பிழை அக்கா. நானும் அண்டைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கினனான். மூடேக்கை எனக்கும் மனம் வரேல்லை. பிழையெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிழை இல்லாததை மன்னிக்கிறதுக்குக் கோயில் என்னத்துக்கு? அதுக்குச் சந்தையே போதும்."

அவர் போய்விட்டார். பூமணி வாங்க வந்ததை மறந்து வெறும் பையோடு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வழமையான மூலையில் போய் இருந்தாள். வலதுபக்கம் மூன்றாம் வாங்கில், சுவரோரம், நேசமலரின் முதுகு தெரிந்தது. நாவல் நிறச் சேலை. கொண்டை சிறுத்துப்போயிருந்தது. சின்ன வயதில் அந்தத் தலைக்கு இரட்டைப் பின்னல் போட்டு விட்டவள் அவள்தான். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மனதுக்குள் ஒரே கேள்வியை உருட்டிக்கொண்டிருந்தாள். ஏன் எனக்காக இன்னும் ஒரு நாள் பொறுக்கேல்லை? அதை எந்தத் தொனியில் கேட்பது என்றுகூட அவளிடம் கணக்கு இருந்தது.

மன்றாட்டுத் தொடங்கியது. நாடு முடிந்தது, நோயாளிகள் முடிந்தார்கள். "பிரயாணம் போகிற எங்கள் சகோதரி நேசமலருக்காக" என்று போதகர் சொன்னபோது பூமணி கதவுக்கு வெளியே நின்றாள். எழும்பியதே அவளுக்கு நினைவில்லை. ஒன்பது வருஷம் பழகிய கால், அவளைக் கேட்காமலே கொண்டுவந்து விட்டுவிட்டது.

கேற்றடியில் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் பஸ் ஒன்று வந்து நின்றது. கொண்டக்டர் அவளை அறிந்தவன். சும்மா கையை அசைத்துவிட்டுப் போனான். இவள் ஏறுகிறவள் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. அது அவளுக்குச் சுருக்கென்றது.

உள்ளே ஆமென் கேட்டது. வாங்குகள் கிறீச்சிட்டுச் சனம் எழும்பும் ஓசை. சமாதானம் தொடங்குகிறது. முன்வாங்கு, இரண்டாம் வாங்கு. பின்கதவால் திரும்பிப் போனால் கடைசி மூலை. அங்கே அது வந்து சேருமுன் நேசமலரின் கையை விட்டுப் போயிருக்கும். பூமணி சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலின் வெளிச்சுவரோடு, வாய்க்காலுக்கும் குரோட்டன் சட்டிகளுக்கும் நடுவால் நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்கு. அறுபத்துநாலு வயதுக்கு அது ஓட்டம்தான்.

பக்கக் கதவைத் தள்ளினாள். கிளறன்ஸ் எண்ணெய் விட்டது பின்கதவுக்கு மட்டும். பக்கக் கதவு கழுத்தறுத்த கோழிபோலக் கத்தியது. முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் வாங்கில் அப்போதுதான் சின்னராசா மிஸ்டர் நேசமலரின் கையை விட்டிருந்தார். இனி அவள் பின்வாங்குக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகக் கையை நீட்டியபடி திரும்பினாள். பின்வாங்குக்கும் அவளுக்கும் நடுவில் அக்கா நின்றாள்.

நேசமலரின் முகத்தில் நிறம் போயிற்று. நீட்டிய கையை எடுக்கவும் தெரியாமல் கொடுக்கவும் தெரியாமல் நின்றாள். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப்போயிருந்தது. பூமணி தன் வலக்கையை அந்த இரண்டு கைக்குள்ளும் வைத்தாள். தங்கச்சியின் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. இது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது.

"சமாதானம்..." என்று தொடங்கிய நேசமலருக்கு மிச்சம் வரவில்லை. "அக்கா, அண்டைக்கு மூண்டு ஓலையும் வாசிச்சு முடிஞ்சுது. அவங்கள் மாப்பிள்ளை வீட்டார்..."

"அதை விடு."

"இல்லை, நீ கேக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை அடக்கமும் செய்ய மாட்டினமெண்டு..."

"விடடி எண்டுறன். காரணம் எனக்குத் தெரியும். ஊரெல்லாம் சொல்லிச்சுது. அதை நான் விட்டிட்டன்." அப்படிச் சொல்ல அவள் வரவில்லை. கேட்க வந்தது வேறு. ஆனால் தங்கச்சி காரணத்தைத் தூக்கிக்கொண்டு தடுமாறுவதைப் பார்க்க, அந்தக் கேள்வியால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்துவிட்டது. "முகத்தைச் சொல்லு."

"என்ன?"

"அம்மாவின்ரை முகம். எப்பிடி இருந்தது?"

பின்னால் நாலாம் வாங்கு கையை நீட்டியபடி நின்றது. ஐந்தாம் வாங்கு எட்டிப் பார்த்தது. கிளறன்ஸ் பக்கத்தில் வந்து மெல்ல, "அக்கா, பின்னாலை சனம் நிக்குது," என்றார்.

"நிக்கட்டும்," என்றாள் பூமணி.

நின்றது.

"பிரேதம் கழுவின பார்லர்க்காரங்கள் பவுடரை அப்பி விட்டிருந்தாங்கள்," என்றாள் நேசமலர். குரல் சிறுபிள்ளையின் குரலாயிருந்தது. "கன்னத்திலை ரோஸ் நிறம் வேறை. வெள்ளைக்காரக் கிழவி மாதிரிக் கிடந்தா. படமும் அப்பிடியேதான் எடுத்தாங்கள். உனக்கு அனுப்பினன் பார், அது எல்லாம் பவுடர். எனக்குப் பாக்க ஏலாமல் போச்சுது. எல்லாரும் வெளியிலை நிக்கேக்கை லேஞ்சியைத் தண்ணியிலை நனைச்சுத் துடைச்சன் அக்கா. துடைக்கத் துடைக்க அம்மா வந்தா. அந்தக் கறுப்பு. புருவத்துக்கு மேலை, கிணத்துக் கப்பி விழுந்த தழும்பு. பல்லுச் செட் போடாததாலை வாய் உள்ளுக்குப் போயிருந்தது. நாங்கள் கோப்பையிலை சோறு மிச்சம் விட்டால் ஒரு பார்வை பாப்பாவே, அந்த முகம்."

"கோவமாய்."

"ஓம். கோவமாய்."

"ஆரிலை?"

"என்னிலை. வேறை ஆரிலை?" நேசமலர் அக்காவின் கையை இறுக்கினாள். "பொறுத்திருக்கலாம் அக்கா. நான் பொறுக்கேல்லை."

பூமணி கண்ணை மூடினாள். முகம் வந்தது. பவுடர் துடைத்த முகம், தழும்போடு, பல் இல்லாமல், சோற்றைப் பார்க்கிற கோபத்தோடு. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது அசையாமல் நின்றது. யோசித்துப் பார்த்தால், படத்தை அன்று பார்த்திருந்தாலும் அவளுக்கு இந்த முகம் கிடைத்திராது. இது ஒருத்தியின் கண்ணில் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமும் எட்டு வாங்கு தள்ளி இருந்தது.

"சமாதானம் உன்னோடிருப்பதாக," என்றாள். சொல் கரகரத்தது. சபையில் அதை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலம். பிறகு திரும்பி நாலாம் வாங்கில் நீட்டியிருந்த கையைப் பிடித்தாள். அது பின்னுக்குப் போகத் தொடங்கியது. அன்று கடைசி வாங்குக்குச் சமாதானம் போய்ச் சேரச் சுணங்கிவிட்டது. ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.

திருவிருந்துக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். எந்தக் கையை மேலே வைத்து அப்பம் வாங்குவது என்பது பூமணிக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் பார்த்துச் செய்தாள். கிண்ணம் முதலில் நேசமலருக்கு வந்தது. போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, பூமணியிடம் நீட்டினார். இரசம் புளித்தது. அவள் நினைத்து வைத்திருந்ததைவிட நிறையப் புளித்தது. எழும்பும்போது நேசமலருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"கையைத் தா அக்கா."

கொடுத்தாள்.

திங்கட்கிழமை நேசமலரின் வீட்டுக்குப் போனாள். வீடு நிறையச் சனம். ஒருவர் மிளகாய்த்தூள் பொதி கொண்டுவந்தார், இன்னொருவர் ரொறொன்ரோவில் இருக்கிற மகனுக்கு முறுக்குக் கொடுத்துவிட வந்தார். அக்காவும் தங்கச்சியும் தனியே நின்றது குசினியில் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம். சூட்கேசின் நிறையைப் பற்றித்தான் கதைத்தார்கள். மூடி இறுக்க மாட்டேன் என்றது, பூமணி அதன்மேல் ஏறி இருந்தாள், நேசமலர் பூட்டினாள். செவ்வாய்க்கிழமை விமானம் போயிற்று. எயார்போட்டுக்கு வரச்சொல்லி வான் வண்டியில் இடம் வைத்திருந்தார்கள். பூமணி போகவில்லை. அங்கே போய் என்ன, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறதுதானே.

அடுத்த ஞாயிறு அவள் வலதுபக்கம் மூன்றாம் வாங்கில், சுவரோரம் இருந்தாள். மன்றாட்டு முடியுமட்டும் காலை ஒன்றின்மேல் ஒன்று போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள், எழும்பிப் போய்விடாமல். கிளறன்ஸ் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். சின்னராசா மிஸ்டர் சமாதானம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் பின்வாங்குக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த இடத்தில் போன கிழமை நின்ற கையின் குளிர் இன்னும் அவளுடைய கையில் இருந்தது. அப்பம் வாங்கினாள். கிண்ணம் ஒரு புறத்தியாரிடமிருந்து வந்தது. வயிறு நிறைந்ததா என்று கேட்டால், இல்லை. பசி இடம் மாறி இருந்தது.

கடைசிப் பாட்டின்போது அவளுக்குத் திடுக்கென்று ஒன்று பட்டது. அம்மாவுக்கு என்ன சேலை உடுத்திவிட்டார்கள் என்று கேட்கவில்லை. முகம் இருந்தது, முகத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் தெருவைத் தாண்டினால் கேட்டிருக்கலாம். போன திங்கள் சூட்கேசின்மேல் இருந்தபடியே கேட்டிருக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் அவள் பாமன்கடைப் பக்கம் திரும்பவில்லை. காலி வீதியில் வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற கடைக்குப் போனாள். கல்லாவில் வேலுசாமி இருந்தார். மலைநாட்டிலிருந்து வந்து கடை போட்டவர். பூமணி கைப்பையிலிருந்து நம்பர் எழுதிய துண்டை எடுத்து நீட்டினாள்.

வேலுசாமி நம்பரைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அம்மா, கனடாவுல இப்ப நடுச்சாமங்க. எல்லாரும் தூங்குவாங்க. சாயந்தரமா வாங்களேன்."

"எழும்பட்டும்," என்றாள் பூமணி. "எடும் ஐயா. தங்கச்சியிட்டை ஒரு சேலையின்ரை நிறம் கேக்கவேணும்."